அடுத்த வீட்டுக் கொடியில சாரம் காஞ்சப்பதான் தெரிஞ்சுது

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்க போட்ட அமெரிக்கா கட்டுரைய வாசிச்சேன். டென்னசில 2023ல பார்க்குல நடந்து போன காலேஜ் பிள்ளை மேல எங்கருந்தோ வந்த குண்டு பாஞ்சு அது செத்துப்போச்சு, சுட்டவன் முன்னாடியே வேற கேஸ்ல மாட்டி, விசாரணைய புரிஞ்சுக்கிற நிலைல இல்லன்னு வெளிய விட்டவனாம், அப்புறம் 2024ல அந்தப் பிள்ளை பேர்லயே ஜில்லியன் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து அப்படிப்பட்டவங்கள ஆஸ்பத்திரில வச்சுப் பாக்கணும், துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு இந்த வாரம் ஒரு வாசகர், நம்மூர்லயும் கோட்டி, அதாவது பைத்தியம்னு நடிச்சுத் தப்பிக்கானுவ, எல்லாத்தையும் தூக்கி உள்ள போடணும்னு எழுதியிருக்காரு. அவருக்கும் சேத்துதான் இத எழுதுதேன். வெட்டு வாங்கினவ நான்.

எங்க ஊரு திருநெல்வேலிப் பக்கம். 2019ல ஒரு சாயங்காலம் நடைல உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருக்கேன், அடுத்த வீட்டுப் பெரியம்மா மவன், சின்ன வயசுலருந்து என்னய அக்கான்னு கூப்பிடுதவன், அருவாளோட வந்து நிக்கான். தலைக்கு வந்தத கையால தடுத்தேன். தையல் எல்லாம் ஆறிட்டு, ஆனா வலது கை ஆள்காட்டி வெரல் மடங்காது. பீடி சுத்துறவங்களுக்குத் தெரியும், தூள வச்சு இலைய உருட்டுறதக் கூட எப்படியாவது பண்ணிரலாம், தலைய மடக்கிக் குத்துறதுக்கு அந்த வெரல்தான் வேணும். நாளைக்கு 800 சுத்துனவ இப்ப 200 தாண்டுனா பெரிய காரியம்.

அவன் நடிக்கல அய்யா. மாத்திரைய நிப்பாட்டி ஆறு மாசம் ஆயிருந்துச்சு, நான் பீடித்தூள்ல விஷம் கலந்து அவன் வீட்டுப் பக்கம் ஊதுதேன்னு தெருவுல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், நாங்க கோட்டிப்பயன்னு சிரிச்சோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒருத்தரும் சொல்லல, நானும் சொல்லல.

இலவச சட்ட உதவில எனக்கு ஒரு வக்கீலம்மா கிடைச்சாங்க (பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இது உண்டு, நெறைய பேருக்குத் தெரியாது). அவங்க சொல்லித்தான் ரெண்டு விஷயம் வேற வேறன்னு புரிஞ்சுது. குத்தம் பண்ணுன நேரத்துல என்ன பண்ணுதோம்னே தெரியாம இருந்தானாங்கிறது ஒண்ணு, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 84ம் பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 22. சும்மா வியாதி இருக்குன்னு சீட்டு காட்டுனா போதாது, அந்த நேரத்துல தெரியலன்னு காட்ட வேண்டியது அவன் பொறுப்பு, அந்த வாசகர் நெனைக்கிற மாதிரி லேசுல கிடைக்காது. இன்னொண்ணு, கேஸ் நடக்குற நேரத்துல அத புரிஞ்சு பதில் சொல்லுத நிலைல இருக்கானாங்கிறது. இல்லன்னா கேஸ் அங்கனயே நின்னுரும். என் கேஸ் நின்னது அப்படித்தான். அவன சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க.

2022ல ஒரு நாள் காலைல புறவாசல்ல பல்லு விளக்கிக்கிட்டு நிக்கேன். பெரியம்மா வீட்டுக் கொடியில நீலக் கட்டம் போட்ட சாரம், அதாவது கைலி ஒண்ணு காயுது. அவ ஒத்தைல இருக்குதவ, அந்த வீட்டுல சாரம் கட்டுறதுக்கு வேற யாரு இருக்கா? வாயில நுரையோட உள்ள ஓடி கதவச் சாத்தினவதான், மத்தியானம் வரைக்கும் தொறக்கல. கோர்ட்டுல போய் விசாரிச்சா, ஜாமீன்ல விட்டு மூணு நாள் ஆச்சு, நீங்க சாட்சிதானம்மா, உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு ஒருத்தர் கேக்காரு.

சட்டத்துல அப்படித்தான் இருக்கு. ஆஸ்பத்திரில படுக்க வைக்க அவசியம் இல்லன்னா, சொந்தக்காரரோ சிநேகிதரோ ஒருத்தர், பக்கத்து ஆஸ்பத்திரில ஒழுங்கா வைத்தியம் பாக்கேன், அவனுக்கும் மத்தவங்களுக்கும் ஆபத்து வராம பாத்துக்கிடுதேன்னு எழுதிக்கொடுத்தா ஜாமீன்ல விடலாம். இது கேஸ் நடத்துற முறையச் சொல்லுத குற்றவியல் நடைமுறைச் சட்டம், பழசுல 330ம் பிரிவு, இப்ப புதுசுல 369. விடுறத நான் தப்பு சொல்லல. வியாதிக்காரன ஆயுசுக்கும் அடைச்சு வைக்கவா முடியும்? எழுதிக்கொடுத்தது 68 வயசு பெரியம்மா. கம்மல அடகு வச்சு பஸ் ஏறி மாசாமாசம் மாத்திரை வாங்கியாரா, அவன் துப்பிருவான்னு குழம்புல பொடிச்சுப் போடுதா. அவளுக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா? அவ எழுதிக்கொடுத்தபடி நடக்குதான்னு இதுவரைக்கும் ஒரு ஆள் வீட்டு வாசல்ல வந்து நின்னது கிடையாது.

2024 ஜூலைலருந்து இந்தப் புது நடைமுறைச் சட்டம் வந்துட்டு. போலீஸ் விசாரணை எந்த மட்டுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள பாதிக்கப்பட்டவங்களுக்குச் சொல்லணுமாம், கேஸ அரசாங்கம் வாபஸ் வாங்குறதுன்னா எங்களையும் கேக்கணுமாம். நல்ல விஷயம். உத்தரப்பிரதேசத்துல விவசாயிங்க மேல காரு ஏத்துன லக்கிம்பூர் கேரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் 2022லயே ஜாமீன் விஷயத்துல பாதிக்கப்பட்டவங்க சொல்லுறதையும் கேக்கணும்னு சொல்லிட்டு. ஆனா அந்தப் புது நடைமுறைச் சட்டத்துல மனநிலை சரியில்லாதவங்க கேஸுக்குன்னு இருக்குற 27ம் அத்தியாயத்த, 367லருந்து 378ம் பிரிவு வரைக்கும், வக்கீலம்மா வாசிச்சு வாசிச்சு எனக்குச் சொன்னாங்க, வெட்டு வாங்கினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு எங்கயும் இல்ல. நஷ்டஈடும் அப்படித்தான். ஆள் விடுதலை ஆனா இன்னது, ஆளையே கண்டுபிடிக்க முடியலன்னா இன்னதுன்னு இருக்கு, எங்க மாதிரி பாதில நின்ன கேஸுக்குன்னு தனியா ஒரு வரி இல்ல.

விடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க. கேஸ் திரும்ப எடுத்தா தேதி சொல்லுங்க. மாத்திரை உள்ள போகுதான்னு மாசம் ஒரு நர்ஸம்மா வந்து பாக்கட்டும், பெரியம்மாவுக்கும் அது ஆறுதலா இருக்கும். அமெரிக்காவுல அந்தக் குடும்பம் சட்டத்தையே மாத்திக் காட்டியிருக்கு, நாங்க கேக்கது அதுல கால்வாசி கூட கிடையாது.

என் பேரும் ஊர் பேரும் போட்டுராதீங்க அய்யா. பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனா அவன் தெளிவா இருக்குத நாள்ல டீக்கடைல உங்க பேப்பரத்தான் எடுத்து வாசிப்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்