ஸ்டேஷன் – ஆஸ்பத்திரி ரூட்ல டிரைவர் இல்லாத குட்டி பஸ் விடக் கோரி மனு

பெறுநர்: போக்குவரத்துத் துறை ஆணையர் அவர்கள்

பொருள்: டிரைவரில்லா எலெக்ட்ரிக் ஷட்டில் சோதனை ஓட்டம் சம்பந்தமா

அய்யா, வணக்கம்.

டிரைவர் இல்லாத எலெக்ட்ரிக் பஸ்ஸ சோதனைக்கு விடப்போறதா பேச்சு அடிபடுது, தாராளமா விடுங்கன்னு கேட்டுத்தான் இந்த மனு. ஆனா எந்த ரோட்டுல விடுறீங்கங்குறதுலதான் விஷயமே இருக்கு.

ஸ்டேஷன்ல இருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான், பெரிய பஸ் அந்தத் தெருவுல திரும்பாது, வாடகை வண்டிக்காரங்க இவ்ளோ கிட்டக்கன்னா வரமாட்டேங்குறாங்க, எங்கம்மா முட்டி வலியோட மாசம் ரெண்டு தடவ அந்த தூரத்த நடக்குறாங்க, பாதி வழில ஒரு மூடிக்கிடக்குற கடையோட படிக்கட்டுல உக்காந்து முட்டிய தேச்சுவிட்டுட்டு மறுபடி எந்திரிச்சுப் போவாங்க. பத்துப் பதினஞ்சு பேரு ஏறுற, மெதுவா போற வண்டி இந்த மாதிரி இடத்துக்குன்னே செஞ்சது. அத பூங்காவுக்குள்ள ரவுண்டு அடிக்க விட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து மூணு மாசத்துல ஷெட்டுல போட்றாதீங்க.

நெதர்லாந்துல ராட்டர்டாம் பக்கத்துல 1999லயே இப்படி ஒண்ணு வந்துச்சு, மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்குறவங்கள ஆபீஸ் ஏரியாவுக்கு கொண்டுபோய் விடுற வேலை, அதுக்குன்னு தனிப்பாதை. ஸ்காட்லாந்துல எடின்பரோல 2023 மே மாசம் தானா ஓடுற பெரிய பஸ் ஆரம்பிச்சாங்க, 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க, எதிர்பார்த்த கூட்டம் ஏறல. ரூட் சரியில்லன்னா எவ்ளோ சென்சார் வச்சாலும் காலி வண்டிதான் ஓடும்.

அடுத்தது, வண்டிக்குள்ள நிக்கிற உதவியாளர். எங்கப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவரு, அதனால இத நான் சும்மா சொல்லல. லாஸ் வேகாஸ்ல 2017 நவம்பர்ல இந்த மாதிரி ஷட்டில் ஓட ஆரம்பிச்ச மொத நாளே, ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துட்டு வந்திருக்கு, ஷட்டில் அத பாத்து ஒழுங்கா நின்னுடுச்சு, ஆனா நின்னதோட சரி, ஹாரன் அடிக்கல, பின்னாடி நகரல, லாரி வந்து இடிச்சிடுச்சு. உள்ள உதவியாளர் இருந்தாரு. வண்டிய கையால நகர்த்துற ரிமோட்ட சட்டுன்னு எடுக்க முடியாத இடத்துல மூடி வச்சிருந்திருக்காங்க! அப்பாகிட்ட சொன்னப்ப, "ஹாரன் அடிக்கத் தெரியாத வண்டிய யாருடா ரோட்டுல விட்டது"ன்னாரு. அதனால வண்டிக்குள்ள கண்டிப்பா ஒரு ஆள் வேணும், அவரு நம்ம பஸ் டிரைவர்கள்ல இருந்தே டிரெய்னிங் குடுத்த ஆளா இருக்கணும், ரிமோட் அவரு கையிலயே இருக்கணும். டிரைவர்களுக்கு வேலை போயிடும்ங்குற பயமும் இதுல கொஞ்சம் குறையும்.

சடன் பிரேக்கையும் கவனிங்க. லைடார்ல, அதாவது லேசர் ஒளியால சுத்தி இருக்குறத பாக்குற சென்சார்ல, ஏதோ மாட்டுச்சுன்னா இந்த வண்டி டக்குன்னு நின்னுடும், 2020 பிப்ரவரில அமெரிக்காவுல கொலம்பஸ் ஊர்ல ரொம்ப மெதுவா போன ஷட்டில் அப்படி நின்னதுல சீட்ல இருந்த ஒருத்தர் கீழ விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி ரூட்ல ஏறுறது பூரா வயசானவங்க, கர்ப்பிணிங்க. எல்லா சீட்டுக்கும் பெல்ட், கைப்பிடி, வீல்சேர் ஏற சாய்தளம், இதெல்லாம் இல்லாம வண்டிய வாங்காதீங்க.

தெருவோரம் பார்க்கிங்க மொதல்ல எடுக்கணும், இல்லன்னா ஒவ்வொரு வண்டி முன்னாடியும் நின்னு நின்னு, உதவியாளர்தான் ரிமோட்ல ஓட்டிட்டுப் போவாரு. மாசாமாசம் எத்தன பேர் ஏறுனாங்க, எத்தன தடவ ஆள் கைவச்சு ஓட்டுனாங்கன்னு கணக்க ஸ்டாப்லயே ஒட்டுங்க.

ரூட்ட முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல, ஓபி சீட்டு குடுக்குற நேரத்துல, உங்க அதிகாரி ஒருத்தர ஸ்டேஷன்ல இருந்து அந்த ஒன்றரை கிலோமீட்டர நடந்து பாக்கச் சொல்லுங்க அய்யா.

இப்படிக்கு,
ஸ்டேஷன் பின்புறக் குடியிருப்புவாசிகள் சார்பா