வந்து சேர்ந்த பிறகுதான் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட கொரியாவிலிருந்து தப்பியவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஆனால் சியோலில் கால் வைத்ததுமே சுபம் போட்டுவிட்டீர்கள். பாடு தொடங்குவதே அங்கேதான்.

தென் கொரியா அவர்களுக்குக் குறை வைக்கவில்லை. குடியுரிமை உண்டு. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி கைச்செலவுக்குப் பணம், வாடகை வீடு எல்லாம் உண்டு. 1999இல் திறக்கப்பட்ட ஹனாவொன் மையத்தில் ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சியும் உண்டு. இதுவரை வந்தவர்கள் 34,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். இருந்தும் வடக்கத்திப் பேச்சைக் கேட்டதும் முகம் சுளிக்கும் முதலாளிகள், அழைத்து வந்த தரகருக்கு அடைக்க வேண்டிய கடன், ஊரில் விட்டுவந்தவர்கள் என்ன ஆவார்களோ என்ற பயம். (வட கொரிய ஆட்சியின் கை எவ்வளவு நீளம் என்பதை 2017இல் அந்நாட்டுத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டபோது நம் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே பார்த்தோமே!) 2019இல் சியோலில் அப்படித் தப்பி வந்த ஒரு தாயும் அவருடைய சிறு மகனும் அடுக்குமாடி வீட்டுக்குள் இறந்துகிடந்தது பல வாரங்கள் யாருக்கும் தெரியவில்லை. பட்டினியாக இருக்கலாம் என்று நாடே பதறியது. 2022 புத்தாண்டன்று ஒருவர், ஓராண்டுக்கு முன் தாண்டி வந்த எல்லையையே மறுபடி தாண்டித் திரும்பிப் போய்விட்டார்.

அத்தனையும் கொடுத்த நாட்டிலேயே இப்படியென்றால் இங்கே? மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அரசியல் காரணத்தால் இலங்கையை விட்டு வந்த தமிழர்களிடம் ஐ.நா. அகதி அட்டை இருந்தாலும், அது வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் இடமில்லை.

செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தட்டுக் கழுவுகிறார். ஊரில் கட்சி மேடைகளில் பேசியவர். அந்த அட்டையை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைப் பையின் வாயை ஊக்கால் குத்தி வைத்திருக்கிறார். வங்கிக் கணக்கு இல்லாததால் சம்பளம் கையில்தான். அதுவும் முதலாளி பிடித்தது போக மீதி. தீபாவளி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. கேட்டால், "போலீசில் போய்ச் சொல்லேன்" என்று சிரிக்கிறாராம். அந்த முதலாளியும் தமிழர்தான். 2009இல் ஈழத்துக்காகக் கடை வாசலில் உண்டியல் வைத்தவர்!

அரசாங்கம் சட்டம் போடும்போது போடட்டும். உழைத்தவருக்குக் கூலி கொடுக்க எந்தச் சட்டத்துக்குக் காத்திருக்கிறோம்? நம் வர்த்தகச் சங்கங்கள் இதைத் தங்கள் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். தாங்களும் ஒரு நிருபரைச் செந்தூல் பக்கம் அனுப்புங்கள். பெயர் போடுவதில்லை என்று உறுதி கொடுத்தால் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்