வலசைக் கணக்கு

புதுமடம்,
மாசி மாதம், ஞாயிறு மாலை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் என் ராஜபாளையத்து முகவரிக்குப் போய், அங்கே இப்போது குடியிருப்பவர் அதைப் பிரித்துப் படமெடுத்து அனுப்பி, பத்து நாள் தாமதமாக நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. கடிதம் எழுதுகிற பழக்கத்தை நீ இன்னும் விடாதது மகிழ்ச்சி. ஆனால் எழுதியிருக்கும் செய்தி என்னை இரவெல்லாம் கணக்குப் போட வைத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு, அருப்புக்கோட்டை வீட்டை விற்று, அதில் வரும் 40 லட்சத்தையும் கையிலிருக்கும் 45 லட்சத்தையும் சேர்த்துப் போட்டு, மாதத்துக்கு மூன்று ஊர் என்று நாடு முழுவதும் சுற்றலாம் என்றும், அதில் ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்தால் மாதம் 28,000 ரூபாய் வரும் என்றும் எழுதியிருக்கிறாய். "நீ மூன்று ஆண்டுகளாகச் செய்வதைத்தானே நானும் செய்யப்போகிறேன்" என்றும் கேட்டிருக்கிறாய். நான் செய்வது அதுவல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலாண்டில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். எட்டு நாள் ஓர் ஊர், பத்து நாள் மற்றோர் ஊர் என்று நானும் மனைவியும் அலைந்ததில் மாதச் செலவு சராசரியாக 41,000 ரூபாய் ஆயிற்று. லாட்ஜ் அறை நாளொன்றுக்கு 900 ரூபாய் என்றாலும் மாதத்துக்கு 27,000 ஆகிறது. அடுப்பு இல்லாததால் மூன்று வேளையும் வெளியில் சாப்பாடு. ஊர் புதிது என்பதால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கடையில் மளிகை மலிவு என்று தெரிந்துகொள்வதற்குள் மூட்டையைக் கட்டிவிடுவோம். ஆண்டுக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான், ஊரில் இருப்பதைவிட ஊரை விட்டுக் கிளம்புவதற்கே அதிகம் செலவாகிறது என்பது எனக்கு விளங்கியது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஓர் ஊரில் குறைந்தது மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டோம். மாதச் செலவு 24,000 ரூபாய்க்கு இறங்கியது.

இந்தப் புதுமடம் வீடு கிடைத்த கதையைச் சொன்னால் உனக்கு முறை புரியும். ராமேசுவரத்தில் அமாவாசைக் கூட்டத்துக்கு அறை வாடகை மூன்று மடங்காக ஏறியதைப் பார்த்து, அங்கே தங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, உச்சிப்புளி ரயில் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் நான்கு நாள் உட்கார்ந்து விசாரித்தேன். இந்தக் கரையில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் கட்டிய வீடுகள் நிறையப் பூட்டிக் கிடக்கின்றன. கடற்காற்றின் உப்பு இரும்புக் கதவையும் கம்பியையும் அரிக்கிறது. ஆள் புழங்கினால் வீடு கெடாது என்பதால், நம்பிக்கையான ஆள் கிடைத்தால் உறவினர்கள் சாவியைத் தந்துவிடுகிறார்கள். மாதம் 5,000 ரூபாய் வாடகை, இரண்டு மாத முன்பணம், இரண்டு படுக்கையறை. வீட்டுக்காரர் வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருவாராம். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, "நான் கட்டுன வீட்டுல நான் இருந்ததவிட நீங்க இருந்த நாளுதான் சார் கூட இருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்துக்காக ஒருவரிடமும் கை ஏந்தாமல் வாழவேண்டும் என்று ஊரை விட்டுப் போனவர் அவர். அந்த ஊரில் வாடகை கொடுத்து, காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறவன் நான்.

மாதக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். வாடகை போக, சாப்பாட்டுக்கு 8,500, தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாமாக 1,800, தொலைபேசிக்கு 700, பேருந்துக்கும் ரயிலுக்கும் 2,000, மருந்துக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்குமாக 3,500, மீதி 2,500 மொய்க்கும் விசேஷங்களுக்கும். தண்ணீர் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம், இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீர் ஒரு செலவினம் என்பதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வராத நாள்களில் வண்டியில் வரும் தண்ணீரைக் குடக் கணக்கில் வாங்குகிறோம். கடைசியாகச் சொன்ன மொய்யைப் பார்த்து நீ சிரிக்கக்கூடும். சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள் எவரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் எந்த ஊரில் இருந்தாலும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போயாக வேண்டும். போனால் செய்முறை செய்யவேண்டும். போகாவிட்டால் அடுத்த தலைமுறை வரை பேச்சு. முதலாண்டில் பதினொரு முறை ஊருக்குத் திரும்பினோம். அதில் எட்டு முறை அவசரப் பயணம், தட்கல் கட்டணம். இப்போது ராஜபாளையத்துக்கு ஒரே இரவில் போய்ச் சேரக்கூடிய ஊர்களிலேயே தங்குகிறோம்.

இனி நீ எழுதிய 4 விழுக்காட்டுக்கு வருகிறேன். அது நமக்காகப் போட்ட கணக்கு அல்ல. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்து, முதலாண்டில் சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்குத் தக்கபடி அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தாங்கியது என்று காட்டினார். 1998-இல் டெக்சாஸ் மாநிலத்து டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். நமக்கு இப்போது வயது 52. இருவருமே 87 வரை இருந்துவிட்டால் 35 ஆண்டுகள் ஆகின்றன. நம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விலையேற்ற இலக்கு 4 விழுக்காடு, அது 6 வரை போகலாம் என்பதும் அதே இலக்கின் பகுதி. 6 விழுக்காடு என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிக்கும்: இன்றைய 24,000 ரூபாய் நம் 64 வயதில் 48,000, 76 வயதில் 96,000. அதோடு, வேலையை விட்ட முதல் நான்கைந்து ஆண்டுகளிலேயே பங்குச் சந்தை விழுந்து, விழுந்த விலையில் விற்றுச் சாப்பிட நேர்ந்தால், பிறகு சந்தை எழுந்தாலும் நம்மிடம் எழுவதற்கு மிச்சம் இருக்காது. நான் 3 விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை. அதுவும் இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை.

அப்படியானால் எப்படி வாழ்கிறாய் என்பாய். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்குக்கு உச்சவரம்பான 15 லட்சத்தை 7.4 விழுக்காட்டில் போட்டேன். மாதம் 9,250 ரூபாய் வருகிறது. ராஜபாளையத்து வீட்டு வாடகை 7,000. மீதி, இரண்டு சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பதில் வரும் 8,000. ஆகவே என்னை முழு விடுதலை பெற்றவன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கணக்கைத் தாக்கல் செய்ய, ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மடிக்கணினியோடு நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தனுஷ்கோடிக்குப் போவதென்றாலும் தேதி பார்த்துத்தான் போகிறேன். அஞ்சலக வட்டி ஐந்தாண்டுக்கு ஏறாது, விலைவாசி ஏறும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் மிச்சமுள்ள 30 லட்சத்தைப் பரஸ்பர நிதியிலும் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியிலும் தொடாமல் வைத்திருக்கிறேன். ஆலையில் பார்த்த வேலைக்கான பி.எஃப். ஓய்வூதியத்தை 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு என்பதால் பொறுத்திருக்கிறேன். 60-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ரயிலில் மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது; நமக்கு அந்த வயது வரும்போது இருக்கும் என்று கணக்கில் சேர்க்காதே.

கையில் உடனே எடுக்கக்கூடிய 2 லட்சத்தைத் தனியாக வை. சென்ற ஆண்டு வேறொரு கடலோர ஊரில் இருந்தபோது, நள்ளிரவில் மனைவிக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து, அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த மருத்துவமனை இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 62,000 ரூபாய் முன்னால் கட்டினோம். அது திரும்பி வர இரண்டரை மாதமும் பதினாறு தாள்களும் ஆயின. அதிலிருந்து, எந்த ஊரில் வீடு பார்த்தாலும் முதலில் பட்டியலிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறேன். கடல் தெரிகிறதா என்பதெல்லாம் பிறகுதான்.

இப்போது வீட்டை விற்கும் பேச்சு. நான் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை என்று ஊர்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரிலேயே வலசை இருக்கிறது. என்றோ இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கிய இடங்கள் போலும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். மீனவர்களும் இங்கே இடம் மாறுகிறவர்கள்தாம். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். அமைதியான கடலைத் தேடிப் படகைக் கொண்டுபோய், கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டு, சில மாதம் சமைத்துத் தின்று, காற்று மாறியதும் திரும்புகிறார்கள். வாடி போட்ட ஒருவரிடம் சொந்த ஊரில் வீடு இருக்கிறதா என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

உன் வீட்டை 9,000 ரூபாய்க்கு வாடகைக்கு விடலாம். உன் 45 லட்சத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு எடுத்தால் மாதம் 11,250. இரண்டும் சேர்ந்து 20,250 ரூபாய். ஏறத்தாழ 4,000 ரூபாய் குறைகிறது. இரண்டாண்டு கூடுதலாக வேலை பார்த்தாலோ, என்னைப்போல் ஒரு சிறு வேலையைக் கையில் வைத்துக்கொண்டாலோ அது சரியாகிவிடும். ஆதாரும் வங்கிக் கணக்கும் கடிதங்களும் வந்து சேர ஒரு முகவரி இருக்கும். விற்ற பிறகு அதே தெருவில் அதே விலைக்கு ஒரு வீடு உனக்குத் திரும்பக் கிடைக்காது.

ஆனால் வாடகைக்கு விடலாம் என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? நாம் பத்தாம் வகுப்புக்குப் படித்த அந்தத் திண்ணையில்தானே அவர் இன்னும் மாலையில் உட்காருகிறார்? நீ மறந்திருக்கமாட்டாய், எழுதத் தயங்கியிருப்பாய். அவர் இருக்கும்வரை உன் பயணம் ஆண்டுக்கு மூன்று மாதமாகவே இருக்கட்டும். அதற்கு வீட்டை விற்கவும் வேண்டாம், வாடகைக்கு விடவும் வேண்டாம், வேலையைக்கூட உடனே விடவேண்டியதில்லை.

பங்குனியில் ஒரு மாத விடுப்பு எடுத்து, உன் மனைவியோடும் அம்மாவோடும் இங்கே வா. பின்னறை காலியாக இருக்கிறது, படியும் இல்லை. 2022 கடைசியிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கும் வரை மண்டபத்தோடு நின்றுபோன ரயில், இப்போது ராமேசுவரம் வரை போகிறது. உச்சிப்புளியில் ஏறினால் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போய் 22 தீர்த்தத்திலும் நீராட வைத்து மாலைக்குள் திரும்பிவிடலாம். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை தொடங்கும், அதன்பின் மீன் விலை நம் கணக்குக்குள் நிற்காது. ஆகவே அதற்கு முன்பே வந்துவிடு. வரும்போது ஒரு நோட்டு வாங்கி வந்து, முதல் நாளிலிருந்து தேநீர்ச் செலவு உட்பட எழுது. மதுரையிலிருந்து எந்த ரயிலில் கிளம்புகிறாய் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடு. உச்சிப்புளியில் எல்லா வண்டியும் நிற்காது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்.