டெஸ்ட் ரைடை மலைச் சாலையில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் இரண்டு வாரம் முன்பு க்ரூஸர் வகை பைக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலை முன்னால் நீட்டி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி போகலாம், இடுப்பு வலி வராது, தூரப் பயணத்துக்கு இதைவிட வேறு இல்லை என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்திருப்பார், அவருக்கு அது உண்மைதான், சண்டை போட வரவில்லை. ஆனால் நான் எழுதுவது கம்பத்திலிருந்து. மலைக்கு மேலே கேரளத்துப் புற்றடியில் ஏலக்காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரில் கணக்கு பார்க்கிறேன், வாரத்தில் ஆறு நாள் மலை ஏறி இறங்குகிறவன், பெரும்பாலும் கம்பம்மெட்டு வழி, குமுளியில் வேலை இருந்தால் லோயர் கேம்ப் வழி. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டில் ஏற்றி குமுளி வழியாக இறக்குவார்கள், அந்த இரண்டு மாதம் எங்கள் பாடு தனிக் கதை. போக வர ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. என்னிடம் இருப்பது பதினொரு வருட ஸ்ப்ளெண்டர்.

ஆசை வந்ததற்குக் காரணம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது இல்லையா, அதிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கில் பார்க்கிற இடமெல்லாம் புது வண்டிதான். நான் கண் வைத்திருந்த க்ரூஸர் ராயல் என்ஃபீல்டின் மீட்டியார், 349 சிசி, கோட்டுக்கு ஒரு சிசி உள்ளே. நாற்பத்து நாலு வயதாகிறது, இப்போது வாங்காமல் எப்போது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

அங்கே டெஸ்ட் ரைடு என்றால் என்ன தெரியுமா? ஒரு தம்பி பின்னால் ஏறிக்கொண்டான். பைபாஸில் நேராக ஒரு கிலோமீட்டர், பெட்ரோல் பங்கில் திருப்பம், திரும்பி ஒரு கிலோமீட்டர். மூன்றாவது கியரில் பழகி முடிப்பதற்குள் ஷோரூம் வாசல் வந்துவிட்டது. "எப்படி சார் இருக்கு, புக் பண்ணிரலாமா?" என்று அவன் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. என்ன சொல்வது? நல்லா இருக்கு என்றேன். நேர் ரோட்டில் எதுதான் நல்லா இல்லை! லோயர் கேம்ப் தாண்டி குமுளி வரை ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். மலைக்கு விடுவதில்லை, பார்டர் தாண்டக் கூடாது என்றார்கள். ஏறுகிற ஆறு கிலோமீட்டரும் தேனி மாவட்டத்தில்தானே இருக்கிறது, செக்போஸ்ட்டைத் தொடாமலே திரும்பிவிடுவேன் என்று சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

என் தாத்தா வண்டி மாடு வாங்கினால் சந்தையில் நடக்கவிட்டுப் பார்த்து வாங்க மாட்டார். வண்டியில் பூட்டி, பாரத்தோடு, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு அந்த மரியாதை கிடையாது.

சரி, எனக்கு வழி வேறு விதமாகக் கிடைத்தது. ஸ்டோரில் மிஷின் பார்க்கிற சேட்டன் மீட்டியார் வைத்திருக்கிறார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை சாவியைத் தூக்கிப் போட்டார், "திங்களாழ்ச கொண்டு வந்நா மதி" (திங்கட்கிழமை கொண்டு வந்தால் போதும்) என்று. என் ஸ்ப்ளெண்டரை அவர் எடுத்துக்கொண்டார். அப்படி இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ஓட்டியதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கியர். இதை உங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் மிதிப்பது, குறைக்கக் குதிகாலால் பின்னால் மிதிப்பது. மீட்டியாரில் முதல் கியர் மட்டும் முன்னால், அதற்கு மேல் உள்ள நாலும் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் விரலால் மேலே தூக்க வேண்டும். மூளைக்கு இது அரை நிமிடத்தில் புரிந்துவிடும், காலுக்குப் புரியாது. பதினொரு வருடப் பழக்கம் காலில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது. கம்பம்மெட்டு இறக்கத்தில் இரண்டு வளைவு ஒழுங்காக இறங்கினேன், நடுவில் கொஞ்சம் நேர் ரோடு வந்தது, மூன்றிலிருந்து நாலுக்குப் போகலாம் என்று கால் தன்பாட்டுக்கு முன்னால் ஒரு மிதி மிதித்தது. வண்டி இரண்டில் விழுந்தது. இன்ஜின் அலறிய அலறலில் எதிரே ஏறி வந்த ஜீப்பில் இருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பின்சக்கரம் ஒரு முறை வெட்டியது, நல்லவேளை ரோடு காய்ந்திருந்தது. சாரல் நாளாக இருந்து இலைச் சருகின் மேல் அது நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். தப்பு வண்டியுடையது இல்லை, என் காலுடையது. பெரியப்பாவின் பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக், இன்றைக்கு இருக்கிற எதற்கும் ஒத்துவராத அமைப்பு. அவர் அதையும் ஓட்டிவிட்டு அப்பாவின் ராஜ்தூத்தையும் ஓட்டுவார், எப்படித்தான் மாற்றிக்கொண்டாரோ தெரியாது.

உரிமம் கொடுக்கும்போது 100 சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டியவனும் 650 சிசி ஓட்டலாம், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே வகைதான். அப்படி இருக்கும்போது பழக்கமில்லாத வண்டியில் ஒருவனுக்குக் கிடைக்கிற ஒரே பயிற்சி இந்த டெஸ்ட் ரைடுதான். அதுவும் பெட்ரோல் பங்கு வரைக்கும்.

அடுத்தது உட்காருவது. என் வண்டியில் கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்கிறது, குழி வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன், முழங்கால் வாங்கிக்கொள்ளும். இதை நான் செய்கிறேன் என்றுகூட இத்தனை நாள் எனக்குத் தெரியாது. க்ரூஸரில் கால் முன்னால் போய்விடுகிறது, ஊன்றி எழ முடியாது, எழ நினைத்தால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்க வேண்டும். அப்போது குழி நேராக முதுகுத்தண்டின் அடிக்கு வருகிறது. சீட் மெத்தைதான், இல்லை என்று சொல்லவில்லை. கம்பத்திலிருந்து கூடலூர் வரை ராஜா மாதிரி போனேன், உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தது ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று அந்த ஏழெட்டு கிலோமீட்டரும் நினைத்துக்கொண்டே போனேன். மழைக்குப் பிறகு தார் பெயர்ந்த வளைவுகளில்தான் அது மாறியது. இந்த வடிவம் பிறந்தது அமெரிக்காவில், மணிக்கணக்கில் திரும்பாமல் போகிற ரோட்டுக்காக. மலைக்கு ஆகாது என்று அதைத் திட்டினால் உரலில் கடலை வறுபடவில்லை என்று திட்டுகிற மாதிரி.

கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம். ஸ்ப்ளெண்டரின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1230 மில்லிமீட்டர், மீட்டியாரில் 1400. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்தான், ஆனால் மாதா கோயில் வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கி நம்மை உள்பக்கம் ஒதுக்கும்போது அந்தச் சாண் என்னவென்று தெரிகிறது. எடை சுமார் 110 கிலோவுக்கு 191 கிலோ, அதாவது பின்னால் உட்காருபவர் இல்லாமலே இன்னொரு ஆள். ஹேண்டில்பார் அகலம், முழுதாக ஒடித்தால் வெளிப்பக்கத்துக் கை நீண்டு தோள் இழுக்கிறது. மெதுவான வேகத்தில் உடம்பைச் சாய்த்துத் திருப்புவது என் வழக்கம், இதில் அது நடக்கவில்லை. உள்பக்கத்துக் கையால் ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளினால் வண்டி தானாகப் படுக்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை நாலாவது வளைவில்தான் கண்டுபிடித்தேன். கொஞ்சம் வேகம் இருந்தால்தான் அதுவும் நடக்கும், லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஸ்ப்ளெண்டர்தான் ராஜா.

ஆனால் அந்த இன்ஜின்! இதைச் சொல்லாவிட்டால் சேட்டன் என்னை மன்னிக்க மாட்டார். என் வண்டியின் முறுக்குவிசை (டார்க்) சுமார் 8 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜினை நன்றாகச் சுற்றவிட்டால்தான் முழுதாகக் கிடைக்கும், அதனால் இரைச்சல் பாலம் தாண்டினால் இரண்டாவது கியரில் போட்டு முறுக்கிக்கொண்டே போக வேண்டும், சில நாள் முதலுக்கே இறங்க வேண்டும். இதில் 27 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே. மூன்றாவது கியரில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு டுப் டுப் என்று ஏறியது, லாரியை முந்துவதற்கு இடம் கிடைத்தால் கியரைத் தொடாமல் முறுக்கினாலே போதும். இறக்கத்திலும் இரண்டில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்கிறது, என் வண்டியில் குமுளியிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் டிரம் பிரேக் வாசனை மூக்கில் ஏறும். இதில் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. ஈரத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தேன், காலடியில் படபடவென்று துடித்ததே தவிர வழுக்கவில்லை. வளைவில் லாரி நின்று நாமும் நிற்க வேண்டி வந்தால், சீட் 765 மில்லிமீட்டர்தான் என்பதால் ஐந்தடி நாலங்குலக்காரனான எனக்கு இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. எடை அப்போதுதான் உறுத்தவில்லை.

என் மனைவியின் தீர்ப்பு வேறு. அவள் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருபவள். ஸ்ப்ளெண்டரின் சீட் பலகை மாதிரி நீளம், ஏற்றத்தில் பின்னால் சரிந்தாலும் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். இதில் பின்சீட் தனியாக உயரத்தில் இருக்கிறது. மூன்றாவது வளைவில் என் தோளைப் பிடித்த பிடி குமுளி பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை. இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, "ஏங்க, நீங்க ஊஞ்சல்ல உக்காந்திருக்கீங்க, என்னைய உத்தரத்துல ஏத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். (ஹெல்மெட் இரண்டு பேருக்கும்தான். செக்போஸ்ட் தாண்டினால் 2023 ஜூன் முதல் கேரளத்துக்காரர்களின் ஏஐ கேமரா படம் பிடித்து வீட்டுக்கே அனுப்பிவிடும், எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது.) பத்து கிலோ அரிசிப் பையை எங்கே வைப்பது என்று அவள் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்ரோல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது மலையிலேயே லிட்டருக்கு ஐம்பதுக்குக் குறையாது, சேட்டனுடையது முப்பதைத் தாண்டியதில்லை. மாதக் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இன்ஜின் வேண்டும், அந்த உட்காரும் முறை வேண்டாம். அதே 349 சிசி இன்ஜினை வைத்து கிளாசிக், ஹன்டர் என்று நிமிர்ந்து உட்காருகிற வண்டிகள் வருகின்றன. கிளாசிக்கின் சீட் 805 மில்லிமீட்டர், மீட்டியாரைவிட நாலு சென்டிமீட்டர் உயரம், எடையும் நாலு கிலோ கூடுதல். வளைவில் லாரிக்குப் பின்னால் நின்றால் என் காலுக்கு எட்டுமா, மனைவிக்குப் பின்சீட் சரிப்படுமா என்பதை பைபாஸில் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இரண்டு வண்டிகளையும் வைத்திருக்கிற சேட்டன் யாரும் எனக்கு இல்லை.

அதனால் ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வண்டியைப் பற்றி எழுதும்போது அதை எங்கே ஓட்டினார்கள், பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்று இரண்டு வரி போடச் சொல்லுங்கள். அப்புறம், மலையடிவார ஊர்களில் ஷோரூம் வைத்திருப்பவர்கள் உங்கள் பேப்பர் படிப்பவர்கள்தான். உரிமத்தின் நகலை வாங்கிக்கொள்ளட்டும், முன்பணமாக ஐயாயிரம் கேட்கட்டும், அந்தத் தம்பி இன்னொரு வண்டியில் கூடவே வரட்டும், பெட்ரோல் காசையும் நாங்களே கொடுக்கிறோம். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், வீட்டு ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு.

அந்தத் தம்பி இப்போதும் வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறான். கிளாசிக்கை லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் விட்டால் அன்றைக்கே புக் பண்ணுகிறேன் என்று சொன்னேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மூன்று வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.