சேமப்படை மருத்துவப் பிரிவும் நம் பிள்ளைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, காயம்பட்டோர் கூட்டத்தில் மருத்துவமனை திணறிப்போனது. அப்படியொரு நாளுக்காகத்தான், தேவைப்படும்போது அழைக்கப்படும் சேமப்படையின் மருத்துவப் பிரிவு இருக்கிறது.

பிரிட்டன் 1908-லேயே இதற்கு வழி செய்துவிட்டது. ஊர் மருத்துவமனை டாக்டர்களும் தாதியரும் அமைதிக் காலத்தில் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். போர் மூண்டால் அவர்களே ராணுவ மருத்துவமனையை நடத்துவார்கள். நம் மலேசிய நாட்டின் சேமப்படையான அஸ்கார் வத்தானியா 1958-இல் சட்டபூர்வமாக உருவானது.

வார்டு அனுபவம் மட்டும் களத்துக்குப் போதாது. அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமின்றிக் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். நெருக்கடியில் கை தானாக இதைச் செய்யப் பழக்கம் வேண்டும்.

பினாங்கு மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம் இளம் தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் சேமப்படை மருத்துவப் பிரிவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. பயிற்சி முகாமுக்கு விடுப்பு கேட்டால் முதலாளிகள் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். சேரும் முறையைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட்டால் பெற்றோருக்கும் தயக்கம் குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த்