ரெட் ஆற்றின் சமவெளி யார் போட்டது? ஒரு புவியியல் ஆசிரியைக்குக் கடிதம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வகுப்புக்காக நீங்கள் வரைந்த படத்தில், அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு ஓடும் ரெட் ஆற்றின் வளைவுகள் அழகாக வந்திருக்கின்றன. இருபுறமும் பச்சை பூசி ‘ஆறு படியவைத்த வண்டல் சமவெளி’ என்று எழுதியதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். அந்தப் பிரெய்ரி (புல்வெளி) சமவெளி, பனியுகத்தின் முடிவில் பனிப்பாளம் உருகித் தேங்கிய அகாசி ஏரியின் தரை. ஏரி வடிந்த பிறகு வந்த ஆறு, அந்தக் களிமண்ணில் ஒரு கீறல் போட்டதோடு சரி.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள வாப்பெட்டனில் இரண்டு ஆறுகள் கூடிப் பிறந்து, வடக்கே கனடாவின் வினிப்பெக் ஏரி வரை சுமார் 880 கி.மீ. ஓடுகிறது. மொத்த இறக்கம் ஏறத்தாழ 70 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 8 செ.மீ.! வாப்பெட்டனிலிருந்து கனடா எல்லைக்கு நேர்கோட்டில் 300 கி.மீ., ஆற்று வழியே 630 கி.மீ.க்கு மேல். வகுத்தால் வளைவு விகிதம் 2.1. 1.5-ஐத் தாண்டினாலே வளைந்தோடும் ஆறு என்பார்கள். மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தில் அளக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் தொடக்கம், உச்சி, முடிவு என மூன்று புள்ளியாவது வைக்கட்டும். குறைத்தால் கோடு மூலையை வெட்டிப்போகும், விகிதம் இறங்கிவிடும்.

பாடநூல் ஆற்றைப் போல இது வேகமாக இடம் மாறுவதில்லை. களிமண் இறுகியது, நீரோட்டத்துக்கு வலு குறைவு. வளைவுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆகவே குருட்டு ஆறு (ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட பழைய வளைவு) உருவாவதைக் காட்ட வேறு ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கரை கெடுவது சரிவால். வெள்ளத்தில் ஊறிய களிமண்ணுக்கு ஆற்று நீரே முட்டுக்கொடுத்து நிற்கும். மட்டம் சட்டென இறங்கினால் முட்டு போய்விடும், ஆனால் மண்ணுக்குள் புகுந்த நீர் வடிந்திருக்காது. கரை பாளமாக வழுக்கி இறங்கும்.

வெள்ளத்துக்கு வளைவுகளைக் குறைசொல்லவே வேண்டாம். ஆறு வடக்கே ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும். கீழ்ப்பகுதியில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ள, நீர் கரைமீறும். தடுக்க மேடு ஏது? பழைய ஏரித் தரையிலேயே பரவும். 1997-இல் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் சில இடங்களில் வெள்ளம் 40 கி.மீ. அகலம் வரை நின்றது. வினிப்பெக் நகரத்தைக் காத்தது 1968-இல் முடிந்த 47 கி.மீ. வெள்ளக் கால்வாய். நகரின் கிழக்கே சுற்றிப்போகும் அந்தக் கால்வாயையும் படத்தில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.