நகர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், மரக்கன்று நடுதல், தெருவிளக்குக்காக நகராட்சிக்கு நடந்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது. உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. ஆபரேஷன் என்றாலே ஓடுகிறவர்களைக் கையைப் பிடித்து ஓ.பி. வரைக்கும் கூட்டிப்போனோம்.

கோடையில் சமுதாயக் கூடத்தில் பேச வந்த பொது அறுவை மருத்துவரிடம், "சார், நீங்க எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்?" என்று ஒருவர் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, குடலிறக்கம், குடல்வால், பித்தப்பைக் கல், தைராய்டு கட்டி, மூலம், சர்க்கரைப் புண் என்று அடுக்கினார். விபத்தில் வயிற்றில் அடிபட்டு வருபவரைப் பார்ப்பதும் அவர்தான். அவருக்கு ஒரே குறை, பகலில் நடந்து வரவேண்டியவர்கள் நடுராத்திரியில் 108-இல் வந்து இறங்குகிறார்கள் என்பது.

நெல் மூட்டை தூக்கும் ஊர் நம்முடையது. "அறுவடை முடியட்டும், அப்புறம் அறுவை" என்று தள்ளிப்போடுவது நம் ஆண்களுக்குப் பழக்கம். குடலிறக்கத்தால் வரும் அடிவயிற்றுப் புடைப்பு, படுத்தால் உள்ளே போகிறவரை நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். அது உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடலுக்கு ரத்தம் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். சில மணி நேரத்தில் குடல் அழுகலாம். வலை வைத்துத் தைத்தால் முடிகிற காரியம், குடலை வெட்டி இணைப்பதில் போய் நிற்கும்.

இதைக் கேட்டு, கடைசி வரிசையில் வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆசாமி நான்தான். பல வருடமாகப் பெல்ட் போட்டு மறைத்துவைத்திருந்தேன். ஆவணியில் செய்துகொண்டேன். முதல் தேதி தள்ளிப்போனதும் என்னால்தான். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பால் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நினைத்தேன். வரும், ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பெண்களுக்கான கூட்டத்தை மகளிர் அணியினர் தனியாக நடத்தினார்கள். அது என் கூட்டத்தைவிட நன்றாக நடந்ததாகக் கேள்வி. மார்பகக் கட்டி வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து என்பதை அங்கே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த காலில் கல் குத்தினாலும் தெரியாது, செருப்பு கழன்றாலும் தெரியாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு வி.ஏ.ஓ. வருமானச் சான்று வாங்கிக் கொடுத்து, கலெக்டர் அலுவலகம் வரை துணைக்குப் போனோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிற வசதியை, அலைச்சலுக்குப் பயந்து விட்டவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள்.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறேன். கத்தி பிடிக்கிறவர் இருந்தும், மயக்க மருந்து மருத்துவர் இல்லாத நாளில் ஆபரேஷன் நடக்காது. சாப்பிடாமல் காத்திருந்து திரும்பிய மூதாட்டி ஒருவரை நானே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நிரந்தரமாக ஒருவர் வேண்டும் என்று மனு கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தோம். அதே பதில், தேதி மட்டும் வேறு.

சென்னை பெரியாஸ்பத்திரி முன்னால் சிலையாக நிற்கும் டாக்டர் ரங்காச்சாரி நம் கும்பகோணம் பக்கத்துக்காரர். சொந்த விமானம் ஓட்டிப்போய் நோயாளியைப் பார்த்தவர். நாம் கேட்பது விமானம் இல்லை, வாரத்தில் எல்லா நாளும் மயக்க மருந்துக்கு ஓர் ஆள்.

ரத்த தானம் செய்பவர்களின் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. போன் நம்பர் மாறியவர்கள் இன்றே திருத்திக் கொடுக்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மூன்றாவது மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வாசலில் இருக்கும் மேசைக்கு வரவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்